மணிக்கட்டு வலியும் முழுக்கைச் சட்டையும்

வலி என் கையில்தான் வந்தது. வலது மணிக்கட்டு, கட்டைவிரல் பக்கம். ஆனால் பரீட்சை என்னுடையது இல்லை. சிக்கலே அங்கேதான்.

கமா அண்ணனுக்குப் பார்வை கிடையாது. கடைசி வருட வரலாறு. அவர் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதுகிற ஆளுக்கு எங்கள் கல்லூரியில் ஸ்க்ரைப் என்று பெயர். அந்த ஆள் நான். எனக்குப் பாடம் தாவரவியல். வரலாறு தெரியாது என்பதுதான் என் தகுதி. ஒரு விஷயம் தெரியாததற்காக என்னைத் தேர்ந்தெடுத்த ஒரே இடம் உலகத்தில் அதுதான்.

நிறுத்தற்குறிகளையும் சேர்த்தே சொல்லுவார். "மன்னர் வந்தார் கமா வரி போட்டார் கமா மக்கள் முறைத்தார்கள் முற்றுப்புள்ளி." பெயர் அப்படி வந்தது. பதிலுக்கு அவர் என்னைப் 'பேனா' என்று கூப்பிட்டார்.

போன வருடம் வேறு ஒருவன் எழுதினான். மூன்று பக்கம் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவானாம். கேட்டதற்கு, "சாரம் வந்துடுச்சுல்ல" என்றானாம். மதிப்பெண்ணிலும் சாரம் மட்டும் வந்தது. முப்பத்தொன்று. அதே தாளை அண்ணன் இந்த வருடம் மறுபடி எழுத வேண்டும். இதுவும் போனால் பட்டம் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவருக்காகப் பிடித்து வைத்திருக்கும் இடமும் இல்லை.

"அண்ணே, நீங்க தும்மினாக்கூட எழுதுவேன்" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

இரண்டு மாதமாக நூலகத்தின் பின்னறையில் தினமும் பயிற்சி. பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது பக்கம். என் சொந்தப் பரீட்சையில் நான் ஏழு பக்கத்தைத் தாண்டியதில்லை.

முதலில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கும்போது சுருக்கென்றது. அப்புறம் சாவியைத் திருப்பும்போது. அப்புறம் பல் துலக்கும்போது. வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"போனு" என்றாள் அம்மா. "எந்நேரமும் அதையே தேய்ச்சிட்டிருந்தா கை என்னத்துக்கு ஆகும்?" என் தலைவலி, முகப்பரு, தாவரவியல் மதிப்பெண் எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் இந்த ஒரே காரணம்தான் இருக்கிறது.

"சுளுக்குடா. காட்டு" என்று அப்பா கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அதுவரை ஒரு இடத்தில் இருந்த வலி மூன்று இடத்துக்குப் போனது.

"விட்டுச்சா?"

"விட்டுச்சுப்பா." இல்லையென்றால் இன்னொரு தடவை இழுப்பார்.

இணையத்தில் தேடினேன். எலும்புத் தேய்மானம், மூட்டுவாதம், நீர்க்கட்டி, நரம்பு அழுத்தம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றும் எனக்கு இருப்பதாகவே பட்டது. கடைசி வரியில், மருத்துவரைப் பாருங்கள் என்று இருந்தது. அதை மட்டும் ஒரு வாரம் செய்யவில்லை.

அந்த வாரம்தான் இன்னொன்றையும் கவனித்தேன். அண்ணனின் விடைகள் சுருங்கிக்கொண்டே வந்தன. எட்டுப் பக்கம் சொல்லுகிற கேள்விக்கு ஐந்து பக்கம். அடுத்த நாள் மூன்று. "அவ்ளோதான், அடுத்த கேள்வி" என்று விடுவார். மனிதர் மறக்கிறார், பயத்தில் எல்லாம் நழுவிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். இந்த நேரத்தில் என் கையைப் பற்றிச் சொன்னால் மிச்சமும் போய்விடும்.

புதன்கிழமை எலும்பு டாக்டரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அந்த அம்மா.

"கீழ எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"விரல் மரத்துப் போகுதா?"

"இல்ல."

"கட்டைவிரலை உள்ள வெச்சு மூடுங்க. அப்படியே கையைச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்ங்க."

சாய்த்தேன். நான் கத்தியதில் வெளியே காத்திருந்த ஒருவர் தனக்கு உடம்பு சரியாகிவிட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாராம்.

"கட்டைவிரலை அசைக்கிற தசைநாண் ரெண்டு, இந்த இடத்துல ஒரு சின்ன உறைக்குள்ள ஓடுது. அந்த உறை தடிச்சுப் போச்சு. ஒவ்வொரு அசைவுக்கும் உரசுது. புதுசா என்ன வேலை ஆரம்பிச்சீங்க?"

"எழுதறேன் டாக்டர். ஒரு நாளைக்கு முப்பது பக்கம்."

"காதலா?"

"வரலாறு."

கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு மளமளவென்று சொன்னார். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை ஒன்றை நாலு வாரம் போட வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம், வலிக்குக் களிம்பு தடவலாம். யாரும் இழுக்கக் கூடாது, நீவக் கூடாது. அப்படியும் கேட்காவிட்டால் ஒரு ஊசி. அதற்கும் கேட்காமல் கத்தி வைக்கிற அளவுக்குப் போவது ரொம்பக் குறைவு.

"இன்னும் பன்னிரண்டு நாள்ல பரீட்சை, டாக்டர். மூணு மணி நேரம் எழுதணும்."

"எழுதுங்க. ரெண்டாவது மணி நேரத்துல பேனா தானா கீழ விழும். சர்டிபிகேட் தரேன், வெச்சுக்கோங்க."

ஸ்க்ரைபை மாற்ற வேண்டுமானால் பரீட்சைக்குப் பத்து நாள் முன்பே, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கடவுளே கேட்டாலும் படிவம் கிடைக்காது. சர்டிபிகேட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் காட்டவில்லை.

வியாழக்கிழமை பட்டை வெளியே தெரியக் கூடாது என்று முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பார்வை இல்லாதவரிடம் மறைக்க முழுக்கைச் சட்டை. கல்லூரிப் படிப்பு ஒருவனை இந்த அளவுக்குக் கொண்டுபோய் விடும்.

எழுதுவதற்காகப் பட்டையைக் கழற்றினேன். பர்ர்ர்ரென்று ஒட்டு பிரிந்தது.

"என்னடா அது?"

"பை அண்ணே. பையோட ஒட்டு."

"ஓ" என்றார். அன்றைக்குப் பெரிய கேள்விக்கு இரண்டு பக்கம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதுவும் ஒன்றரையானது. மணி நாலு. அடுத்த வரிக்காகக் காத்திருந்தேன். "முற்றுப்புள்ளி" என்று சாய்ந்துகொண்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, மறந்துட்டீங்களா?"

"எதை?"

"எல்லாத்தையும். போன மாசம் இதே கேள்விக்கு எட்டுப் பக்கம் சொன்னீங்க. நடுவுல ரெண்டு மன்னரைக் காணோம்!"

ஜெராக்ஸ் மெஷின் யாருடைய அடையாள அட்டையையோ நகலெடுத்துத் துப்பியது.

"முன்னாடியெல்லாம் நீ எழுதினா பேப்பர் மேல எலி ஓடற மாதிரிச் சத்தம் வரும்டா பேனா. இப்ப எலி நொண்டுது. வரிக்கு நாலு தடவை பேனாவைக் கீழ வைக்கிற. மூச்சை வேற பிடிச்சுக்கற. நேத்து என்னமோ பையைக் கழட்டினியே, அது கையிலதானே இருந்துச்சு?"

"அதுக்காகவா சுருக்கினீங்க?"

"விடுடா. சாரம் வந்துடுச்சுல்ல" என்றார்.

கையில் இல்லாத ஒரு இடத்தில் வலித்தது. அதற்கு எந்த டாக்டரிடம் போவது என்று தெரியவில்லை.

"அண்ணே, நான் முழுக்கைச் சட்டை வேற போட்டிருந்தேன்" என்றேன். ஏன் சொன்னேனோ.

"யாருக்குடா?" என்று கேட்டுவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் சட்டைப்பையிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து அவர் கையில் வைத்து, டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மணி நாலே கால்.

"இன்னொரு ஆளு வேணும். வரலாறு தெரியாத ஆளு. இப்பவே" என்றார்.

வாசலில் நகலுக்காக நின்றுகொண்டிருந்தவள் முதலாம் ஆண்டு கணிதம். வாய் மூடாதவள் என்பதால் பெயர் ரேடியோ. நான் பாதி சொல்வதற்குள், "நான் எழுதறேனே, என் கையெழுத்து சூப்பரா இருக்கும், எங்க ஸ்கூல்ல போர்டுல எழுத என்னைத்தான் கூப்பிடுவாங்க, வரலாறா, எனக்கு எங்க தாத்தா பேரே தெரியாது" என்று முடித்துவிட்டாள்.

"பரீட்சை ஹால்ல பேசக் கூடாதும்மா" என்றார் அண்ணன் கவலையோடு.

"மூணு மணி நேரமுமா?" முதல்முறையாக அவள் குரல் இறங்கியது.

அலுவலகத்தில் கிளார்க் கிளம்புவதற்காக மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார். படிவத்தில் ஒட்ட ரேடியோவிடம் போட்டோ இருந்தது. முதல்வர் கையெழுத்துக்கு மாடிக்கு ஓடி இறங்கினோம். நான் விலகுகிறேன் என்று எழுதி, பட்டையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளார்க் அதையும் பழைய படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்து இல்லையே."

"கை வலி சார். அதுக்குத்தானே விலகறேன்."

"அதெல்லாம் சரிதான். கையெழுத்து ஒத்துப்போகணும்ல?"

நாலு ஐம்பத்திரண்டு. பட்டையைப் பர்ரெனப் பிரித்தேன். பழைய கையெழுத்தில் ஆரம்பத்தில் ஒரு சுழி, முடிவில் ஒரு நீண்ட வால். பெரிய ஆள் ஆவேன் என்று பத்தாம் வகுப்பில் கண்டுபிடித்த வால். அதை முழுதாக இழுத்தபோது வலி நெற்றிவரை வந்துவிட்டுப் போனது. கமா அண்ணனுக்காக நான் கடைசியாக எழுதியது என் பெயர்தான்.

பரீட்சையன்று அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே முனகல் மாதிரி அவர் குரல். வார்த்தை புரியவில்லை. பத்து நாள் பயிற்சியில் ரேடியோ இருபது பக்கம் வரை வந்திருந்தாள், பேச்சு நீங்கலாக. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரை. சுருக்குகிறாரோ? இவள் கைக்காகவும் சுருக்குகிறாரோ? பட்டைக்குள் என் கட்டைவிரல் தானாக அசைந்து அசைந்து வலித்தது.

கதவு திறந்து மேற்பார்வையாளர் தலையை நீட்டினார். "கூடுதல் தாள் கொண்டாங்கப்பா."

இரண்டாவது தடவை எட்டிப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை அவர் என்னை முறைத்தார். "உனக்கு என்னப்பா சிரிப்பு?"

மணி அடித்ததும் அண்ணன் ரேடியோவின் தோளைப் பிடித்தபடி வந்தார். "அந்த ரெண்டு மன்னரும் வந்துட்டாங்கடா பேனா" என்றார். "முடிவு என்னமோ தெரியல. ஆனா யாரையும் வெளிய நிறுத்தல."

ரேடியோ வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கட்டைவிரலை உள்ள வெச்சு மூடு. சுண்டுவிரல் பக்கமாச் சாய். வலிக்குதா?"

சாய்த்துப் பார்த்தாள். "இல்லையே. ஏன்? இப்படிச் செஞ்சா என்ன ஆகும்? இது என்ன வியாதி? எங்க மாமாவுக்கும் கையில ஒண்ணு இருந்துச்சு..." என்று மூன்று மணி நேரப் பாக்கியை அங்கேயே ஆரம்பித்தாள்.

"கமா" என்றார் அண்ணன். அவள் நிறுத்தவில்லை.