இறங்குகிறவர்கள் பட்டியல்

கப்பல் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து போன் வந்தபோது நல்லசாமி முதல் ஷிப்ட்டில் இருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தின் அடியில் ஊறும் தண்ணீரை ஓயாமல் இறைத்து மேலே தள்ளுகிற பம்ப் ஹவுஸ் அது. மூன்று மோட்டார்கள் ஓடும் சத்தத்தில் எதிர்முனையில் இருப்பவர் பேசுவது பிடிபடவில்லை. வெளியே வந்து, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, "மறுபடி சொல்லுங்க சார்" என்றார்.

அவர் மறுபடி சொன்னார். செங்கடலில் போகும்போது கப்பல் மேல் ஏவுகணை விழுந்துவிட்டது. கப்பல் மூழ்கிவிட்டது. இருபது பேரில் பதினெட்டுப் பேரை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அஸ்வினையும் அருளையும் மட்டும் காணவில்லை.

"தேடிக்கிட்டிருக்காங்க சார். நம்பிக்கைய விட்டுடாதீங்க."

அஸ்வின் அவருடைய ஒரே மகன். பத்தொன்பது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நல்லசாமியின் அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். நல்லசாமி பிறந்தது டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில். மனைவி வளர்மதிக்குக் காடாம்புலியூர். இரண்டு பக்கத்திலும் கடலில் கால் நனைத்ததோடு சரி, கப்பலேறியவர்கள் யாரும் இல்லை. பன்னிரண்டாவது முடித்ததும் அஸ்வின் தானாகவே விசாரித்துக் கடலூரில் ஆறு மாதக் கப்பல் பயிற்சியில் சேர்ந்தான். அங்கேதான் அருள் சிநேகிதம். முதுநகர் துறைமுகத்தடியில் வளர்ந்த பையன், அஸ்வினைவிட ஆறு மாதம் சின்னவன். டிரெய்னியாக இருவருக்கும் ஒரே கப்பல் கிடைத்தது. ஆரஞ்சு நிற பாய்லர் சூட் போட்டு, ஒருவன் தோளில் ஒருவன் கைபோட்டு அனுப்பிய படத்தைப் பம்ப் ஹவுஸில் நல்லசாமி காட்டாத ஆள் இல்லை.

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து அவர் விஷயத்தைச் சொன்னபோது வளர்மதி அழவில்லை. "காணோம்னுதான சொன்னாங்க? அவனுக்கு நீச்சல் தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிளாக்கில் இருந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களிடமும் அதையே சொன்னாள். "ஞாயித்துக்கெழம எங்கிட்ட சிரிச்சிக்கினே பேசுனான். நல்லாத்தான் இருந்தான்."

அவள் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும்போதெல்லாம் நல்லசாமி எழுந்து வெளியே போய்விடுவார். ஏனென்றால் அஸ்வின் கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை, அவரிடம்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு மோட்டார் நின்றுபோய், ஃபோர்மேன் கத்திக்கொண்டிருந்த நேரம். எகிப்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து பையன் கூப்பிட்டான்.

"அப்பா, கப்பல் இந்தியாவுக்குத்தான் வருது. ஆனா நடுவுல சண்ட நடக்கிற எடத்தத் தாண்டி வரணும். கேப்டன் எல்லார்கிட்டயும் கேக்கறாரு. இஷ்டம்னா கையெழுத்துப் போடணும். பயமா இருந்தா இங்கயே எறங்கிக்கலாம், ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். என்னப்பா பண்றது?"

"எத்தன பேரு எறங்கறாங்க?"

"மூணு பேரு சொல்லியிருக்காங்க. குக்கும் ஃபிட்டரும். அருளும் எறங்கறேங்கறான்."

"மத்தவங்க எல்லாம் வராங்கல்ல? அப்புறம் ஒனக்கு மட்டும் என்னடா? மொத கப்பல்லயே பயந்து எறங்கிட்டான்னு பேரு வாங்கினா அடுத்த கப்பல்ல எவன் ஏத்துவான்? கையெழுத்தப் போடு. அவனுக்கும் சொல்லு."

"சரிப்பா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடும்."

அவ்வளவுதான். நாலு நிமிஷம்கூட இருக்காது. அந்தப் போர் யாருக்கும் யாருக்கும் என்றுகூட நல்லசாமிக்கு அப்போது தெரியாது. இப்போதும் சரியாகத் தெரியாது.

நாலாவது நாள் அருளின் வீட்டைத் தேடிக்கொண்டு முதுநகர் போனார். அருளுக்கு அப்பா இல்லை. அம்மா செந்தாமரை துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். அழுதழுது அவள் குரல் ஆண்குரல் மாதிரி கட்டிப்போயிருந்தது.

"அண்ணே, ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அருளு பயந்த சுபாவம். திங்கக்கெழம எனக்குப் போன் பண்ணி, 'சண்ட நடக்கற கடலாம்மா, எறங்கி வந்துடறேன்'னான். 'வந்துடுப்பா, இங்க வந்து பாத்துக்கலாம்'னு சொன்னேன். வரேன்னு சொன்ன புள்ள ஏண்ணே வரல? ஒங்க பையன் ஒங்ககிட்ட எதனா சொன்னானா?"

"இல்லம்மா" என்றார் நல்லசாமி.

சொன்ன பிறகு அங்கே உட்கார முடியவில்லை. அவள் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பன்னிரண்டாவது நாள் தேடுதலை நிறுத்திவிட்டார்கள். அன்று வளர்மதி முதல்முறையாக அழுதாள். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் பிளாக் நம்பர் விசாரித்துக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கையில் முழங்கை வரை கட்டு. நாகப்பட்டினத்துக்காரர், பேர் சிங்காரவேல். அந்தக் கப்பலின் எஞ்சின் ரூமில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிற ஆயிலராக இருந்து பிழைத்தவர். ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம்.

"ரெண்டு பசங்க வீட்டுக்கும் போயிட்டுத்தான் மத்த வேலைன்னு வந்துட்டேங்க. நாளைக்கிக் காலைல கடலூர் போறேன்" என்றார்.

வளர்மதி தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணும் வுடாம சொல்லுங்க" என்றாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். துறைமுகத்தை விட்ட மூன்றாவது நாள், காலைச் சாப்பாடு முடிந்த நேரம். முதல் ஏவுகணை பின்பக்கம் விழுந்தது. கரண்ட் போய்விட்டது. எஞ்சின் ரூமில் புகை. எல்லோரும் உயிர்ப்படகுக்கு ஓடினார்கள். கேப்டன் தலை எண்ணினார், பத்தொன்பதுதான் இருந்தது. அருள் இல்லை. கீழே, கப்பலடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்புப் பக்கம் துடைக்கிற வேலைக்குப் போனவன் மேலே வரவில்லை.

"அஸ்வின் படகுல ஒக்காந்துட்டானுங்க. லைஃப் ஜாக்கெட் எல்லாம் மாட்டிட்டான். அருள் இல்லன்னு தெரிஞ்சதும் எந்திரிச்சான். நான் இந்தக் கையாலதான் புடிச்சேன். 'அண்ணே, அவன் என்னாலதான் இங்க இருக்கான்'னு ஒதறிட்டு ஓடிட்டான். ரெண்டு நிமிஷம் இருக்கும். அடுத்தது விழுந்துச்சு. எங் கையி போனது அப்பத்தான். அதுக்கு மேல கேப்டன் படக எறக்கிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க."

"என்னாலதான்னு ஏன் சொன்னான்?" என்று கேட்டாள் வளர்மதி.

அந்த மனிதரைப் பேசாமல் நிறுத்த நல்லசாமி ஒரு வழி தேடினார். "தண்ணி குடிங்க சார்" என்றார். சிங்காரவேல் வளர்மதியின் கேள்விக்குப் பதில் சொன்னார். அந்தப் போன் விஷயம் இந்த வீட்டில் மறைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

"எறங்கறவங்க பட்டியல்ல அருள் பேரு இருந்துச்சுங்க. பையெல்லாம் கட்டி வச்சிட்டான். செவ்வாக்கெழம சாயந்தரம் அஸ்வின் வந்து, 'எங்கப்பா போலாம்னுட்டாருடா, ஒன்னையும் வரச்சொன்னாரு, ஒண்ணும் ஆவாது'ன்னு சொல்லி, அவனே போயி அந்தப் பேர அடிக்க வச்சான். அதத்தாங்க சொல்லியிருப்பான்."

வளர்மதி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். பார்வையில் கோபம்கூட இல்லை. தெரியாத ஆள் யாரோ வீட்டுக்குள் வந்து நிற்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது. சிங்காரவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் எதனா தப்பா..." என்று எழுந்தார்.

"இல்லங்க. ஒக்காருங்க. சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்றாள். உள்ளே போய் இலை போட்டாள். கட்டுப் போட்ட கையோடு அவர் இடது கையால் எடுக்கச் சங்கடப்பட்டபோது சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். சாலைவரை போய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தாள்.

வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"செவ்வாக்கெழம பேசுனானா?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவன்தான் சொல்லாதன்னு..."

"அப்ப சொல்லல, சரி. அப்புறம்? இருவது நாளா நா ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழமன்னு பொலம்பிக்கினு இருந்தேனே. கேட்டுக்கினுதான இருந்தீங்க?"

ஃபோர்மேன் கத்திக்கொண்டிருந்தார், மோட்டார் நின்றுபோயிருந்தது, யோசிக்க நேரமில்லை என்று சொல்ல நல்லசாமிக்கு வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்றும் தெரிந்தது.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

வளர்மதி ஆணியில் மாட்டியிருந்த அவருடைய சட்டையை எடுத்து அவர் மேல் போட்டாள்.

"நாளைக்கி அந்தாளு போயி சொல்லிடுவாரு. மூணாவது மனுசன் வாயால அவுங்க கேக்கக் கூடாது. இப்பவே போங்க. சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வூட்டுக்குள்ள வராதீங்க."

அவர் போனார். ஆர்ச்கேட்டில் பஸ் ஏறி, வடலூரில் மாறி, குள்ளஞ்சாவடி தாண்டும்வரை என்ன பேசுவது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தார். முந்திரிக் காடுகள் பின்னால் ஓடின. சேர்த்ததெல்லாம் கெஞ்சல் மாதிரி இருந்தது. அஸ்வின் அருளைத் தேடித்தான் திரும்ப ஓடினான் என்பதை மட்டும் தன் வாயால் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார். அதைச் சொன்னால் அவர் பிள்ளையின் உயிரைக் காட்டி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். அதைச் சிங்காரவேல் சொல்லிக்கொள்ளட்டும்.

செந்தாமரை வீட்டில் இல்லை. துறைமுகத்தில் இருந்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாளாம். சாயந்தர ஏலம் இன்னும் தொடங்கவில்லை. கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தவள் அவரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, எதனா சேதி வந்துச்சா?" என்றாள். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

"சேதி இல்லம்மா. நான் அன்னிக்கிப் பொய் சொல்லிட்டேன்."

நின்றுகொண்டே சொன்னார். செவ்வாய்க்கிழமை போன், அஸ்வின் கேட்டது, தான் சொன்னது, அருளின் பெயரை அடித்தது. முடிந்ததும் கேட்டாள்:

"ஒங்க பையன்கிட்ட என்னா சொன்னீங்க? அந்த வார்த்தைய அப்புடியே சொல்லுங்க."

"மொத கப்பல்லயே பயந்து எறங்கிட்டான்னு பேரு வாங்காத. கையெழுத்தப் போடுன்னேன்."

"எம்புள்ளைக்கி?"

"அவனுக்கும் சொல்லுன்னேன்."

"அவனுக்கும் சொல்லு." அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "பெத்தவ நா வந்துடுன்னு சொல்லிட்டேன். நீங்க யாரு சார் அவனுக்கு?"

அண்ணன் போய் சார் வந்துவிட்டது. நல்லசாமி கைகூப்பினார்.

"கைய எறக்குங்க. ஆளுங்க பாக்கறாங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எம்மூஞ்சில முழிக்காதீங்க. போங்க."

வந்த படகு ஒன்றைக் கட்டினார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்குதளத்துக்கு நடந்தாள். நாலடி போனதும் கால் மடங்கி அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் ஓடிவந்து சுற்றிக்கொண்டார்கள். நல்லசாமி கிட்டே போகவில்லை. போக உரிமை இல்லை.

அவர் வீடு திரும்பியபோது வளர்மதி ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். சோறு போட்டாள். ஆனால் அன்றிலிருந்து அஸ்வினின் அறையில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் செந்தாமரை வளர்மதிக்குப் போன் செய்தாள். சிங்காரவேல் வந்துபோயிருக்கிறார். இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நல்லசாமிக்குத் தெரியாது. அறைக்குள்ளிருந்து அழுகை மட்டும் நெடுநேரம் கேட்டது. வெளியே வந்த வளர்மதி, "வர்ற வெள்ளிக்கெழம கடல்ல பால் ஊத்தப் போறோம். ரெண்டு பேருக்கும் சேத்து. படகு அவுங்களே பேசிட்டாங்க" என்றாள்.

"நானும்..."

"கேட்டேன். படகுல அவரு வேணாம்னுட்டாங்க. கரையில வேணும்னா நில்லுங்க."

வெள்ளிக்கிழமை காலை நல்லசாமி கரையில் நின்றார். ஃபைபர் படகு முகத்துவாரத்தைத் தாண்டிப் போனது. வளர்மதி அதற்கு முன் படகில் ஏறியதே இல்லை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் செந்தாமரை அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டது தூரத்திலிருந்து தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. அஸ்வினின் கப்பல் மூழ்கிய தண்ணீர் இங்கிருந்து எத்தனையோ நாள் பயணம். ஆனாலும் கடல் கடல்தான் என்று செந்தாமரை சொன்னாளாம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, மகன் பெயரையும் அருளின் பெயரையும் சொன்னார். வாய்விட்டு அழுதார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

படகு திரும்பி வர ஒரு மணிநேரம் ஆனது. இரண்டு பெண்களும் நனைந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தார்கள். செந்தாமரை அவர் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்ட் போகும் ஆட்டோவில் வளர்மதியை ஏற்றிவிட்டு, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துவிட்டுப் போனாள். நல்லசாமி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்.

பஸ்ஸில் வளர்மதி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். அவர் பின்னால் போய் நின்றுகொண்டார். குள்ளஞ்சாவடியில் கூட்டம் ஏறி நெருக்கியது. ஒரு கிழவர் அந்த இடத்தைக் காட்டி, "ஆளு வருதாம்மா?" என்று கேட்டார்.

வளர்மதி திரும்பிக் கூட்டத்துக்குள் புருஷனைத் தேடினாள்.

"வருது" என்று சொல்லிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நல்லசாமி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.