இரவல் வியாழக்கிழமை

பூட்டுக்காரர் மறந்துபோன வியாழக்கிழமையின் காலைப் பகுதி தையல்காரருக்கு நினைவுக்கு வந்தபோது, அவர் ஒருவருக்குக் கழுத்தளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடாவை அந்த ஆளின் கழுத்திலேயே விட்டுவிட்டு, பிடி உடைந்த அரத்தை எங்கே வைத்தோம் என்று யோசித்தார். தையல்காரரிடம் அரமே கிடையாது. அடுத்து, அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று தேநீர் ஆற்றிய ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். அது அவருடைய மனைவி இல்லை. ஒளிவுமறைவு தெரியாத மனிதர் என்பதால் மத்தியானமே வீட்டில் சொல்லிவிட்டார். "யாரு அவ?" என்று கேட்ட மனைவி, பதில் வரும்வரை சாப்பாடு கிடையாது என்று கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டாள். யோசித்து யோசித்து, அந்தப் பெண் கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள் என்றார். கொண்டையில் பென்சில் செருகுகிறவள் அந்தத் தெருவில் ஒருத்திதான் இருந்தாள். பூட்டுக்காரரின் மனைவி. துணி அச்சடிக்கும் பட்டறைக்குப் பூ வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். அவள் செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

செத்தது அந்த வியாழக்கிழமைதான். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இரைப்பு. அன்று மத்தியானம் மூச்சு முட்டியிருக்கிறது. இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது. மருந்துக்கடை தெருமுனையில், கூப்பிடு தூரத்தில். ஆனால் வீடு வெளியே பூட்டியிருந்தது. பூட்டு பூட்டுக்காரர் தன் கையாலேயே செய்தது. மற்றவர்களால் திறக்க முடியாது என்று அவருக்கு அதில் பெருமை உண்டு. கதவை நிலையோடு பெயர்த்து உள்ளே போனவர்கள் அவளைக் கதவடியில் பார்த்தார்கள். மாற்றுச் சாவி அவள் கைக்குள் இருந்தது. பூட்டு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

தெருவுக்கும் இதில் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்த விவரம் முழுமையாகாது. பூட்டுக்காரரிடம் வருகிறவர்கள் பூட்டு விழவில்லை என்று சொல்வதில்லை, கதவு சாத்த மாட்டேன் என்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் காதுக்குச் சாத்துவதும் பூட்டுவதும் ஒன்றாகிப்போயிருந்தன. கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவி கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள். இவர் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் அடுப்படி ஜன்னலுக்கு வந்து தெருவைக் கூப்பிட்டு, கம்பி வழியாகச் சாவியை நீட்டி, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "பூட்டுக்காரர் பொண்டாட்டியை நகை மாதிரி வச்சிருக்காரு" என்று பள்ளி வேன் ஓட்டுநர் சொன்னது தெருவில் வெகுநாள் ஓடியது. பிறகும் சில தடவை அப்படி நடந்தது. ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். அந்த வியாழக்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டபோதும் தையல்காரர், மறுபடியும் பூட்டிட்டார் போல என்று சிரித்துவிட்டு மெஷினை மிதித்தார். மருந்துக்கடை அம்மாவும் கேட்டாள். வேன் ஓட்டுநரும் கேட்டார். ஜன்னலுக்கு வந்து கூப்பிடட்டும், போகலாம் என்று இருந்தார்கள். கூப்பிட அவளுக்கு மூச்சு இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. திறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பூட்டுக்காரருக்குப் புதன்கிழமை ராத்திரி நினைவிருந்தது. வெள்ளிக்கிழமை நினைவிருந்தது. நடுவில் இருந்த நாள் இல்லை. டாக்டர் அதிர்ச்சி என்றார், வந்துவிடும் என்றார். புதன்கிழமை நினைவிருந்ததுதான் வம்பு. அன்று ராத்திரி சண்டை. மருந்து வாங்கிவரச் சொல்லி அவள் மூன்று நாளாகச் சொல்லியும் இவர் மறந்திருந்தார். "நான் பேசறது உங்க காதுல விழுதா, பூட்டுல விழுதா?" என்று கேட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அம்மா வீட்டுக்குப் போக இரண்டு வருஷத்துக்கு ஆகிற துணியை எடுத்துப் பையில் வைத்தாள். போனால் போ என்று இவர் சொன்னார். அதோடு புதன்கிழமை முடிந்துவிடுகிறது. போலீஸ் விசாரித்தபோது நினைவில்லை என்றார். தவறுதலாக நடந்தது என்று எழுதி முடித்தார்கள். அவளுடைய அண்ணன் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "தவறுதலா சாவியை ஒரு சுத்து சுத்தலாம். ரெண்டு சுத்து எப்படிங்க தவறுதலா வரும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். பூட்டுக்காரருக்கும் அதே கேள்விதான் இருந்தது. அவள் போய்விடக் கூடாது என்று பூட்டினேனா, கோபத்தில் பூட்டினேனா, இல்லை, கை பாட்டுக்குப் பூட்டியதா. பூட்டியது யார் என்பது அவருக்குத் தெரியும். எந்த மனதோடு என்பதுதான் தெரியவேண்டும்.

அதனால் தையல்காரர் வந்து, உங்க காலை வேளை என்கிட்ட இருக்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பூட்டுக்காரர் எழுந்தது, குளித்தது, பட்டறைப் பையில் அரத்தைத் தேடியது, தேநீர் குடித்தது எல்லாவற்றையும் தையல்காரர் சொன்னார். சொல்லச் சொல்ல அது இவருக்குள் வந்து உட்கார்ந்தது, அவரிடமிருந்து போனது. டம்ளரைக் கீழே வைத்த இடத்தோடு தையல்காரர் நிறுத்திவிட்டு, எதையோ சொல்ல வந்தேனே என்று தலையைச் சொறிந்தார். வந்தது நினைவிருந்தது, சொன்னது போய்விட்டது. அடுத்த வாரம் வேன் ஓட்டுநர் பகல் பொழுதைக் கொண்டுவந்தார்: பஸ் நிறுத்தம், ஒரு பள்ளிக்கூடத்தில் திறக்க மறுத்த பீரோ, வியர்வை. மருந்துக்கடை அம்மா சாயங்காலத்தை வைத்திருந்தாள். தெருவுக்குள் நுழைந்ததும் தெரிந்த கூட்டம், பெயர்த்துச் சாய்த்து வைத்த கதவு, அதில் இன்னும் தொங்கிய பூட்டு. அதைக் கொடுத்துவிட்டு அவள் கல்லாவில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கினாள். தட்டும் சத்தத்தைக் கேட்டு எழாதவர்களிடம்தான் அந்த நாள் போய் ஒதுங்கியிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். நாள் முழுக்கத் திரும்பிவிட்டது. காலையில் டம்ளரைக் கீழே வைத்ததிலிருந்து, பூட்டிவிட்டுத் தெருவில் கால் வைத்தது வரைக்கும் மட்டும் இல்லை. ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி.

அந்த இடைவெளியோடு அவர் பல வருஷம் வாழ்ந்தார். பக்கத்துத் தெருக்களிலும் கேட்டுப் பார்த்தார். இரக்கப்பட்ட சிலர், என்கிட்டதான் இருக்கு, கோபமெல்லாம் இல்லை, சும்மா கை மறதி என்று சொன்னார்கள். சொன்ன பிறகும் அவர்களுக்கு அது மறக்கவில்லை. அதிலிருந்து பொய் என்று தெரிந்துகொண்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பூட்டு வேலையை விடவில்லை. ஆனால் பழுது பார்த்த பூட்டை அவர் பூட்டிக் காட்டுவதில்லை. சொந்தக்காரர்களே சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவேண்டும். சொந்த வீட்டுக்குப் புதுக் கதவு போட்டார், தாழ்ப்பாள் மட்டும் வைத்தார். வலது கையைப் பெரும்பாலும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். கேட்டால், சும்மாதான் என்பார்.

வியாழக்கிழமைகளில் மாமியார் வீட்டுக்குப் போவார். மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டதால் அத்தை தனியாக இருந்தார். குழாயில் தண்ணீர் சொட்டினால் சரி செய்வார், அலமாரிக் கீலுக்கு எண்ணெய் விடுவார். இரண்டு பேரும் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் வேலை செய்யும்போது அத்தை எதிரில் உட்கார்ந்து அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை அவர் தண்டனையாக எடுத்துக்கொண்டார். அது நியாயம் என்றும் நினைத்தார். ஒரு வியாழக்கிழமை, கண்ணாடிக்குப் புது ஃபிரேம் போட அத்தையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தை வீட்டைப் பூட்டினார். இரண்டு சுற்று. பிறகு பூட்டைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு சாவித் துளையின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, விரலை இடுப்பில் துடைத்துக்கொண்டார். துளையில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்கும் தடவல் அது. அரம் பிடிக்கிற கைக்குத்தான் அது வரும். அத்தை வாழ்நாளில் அரம் பிடித்ததில்லை.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தை தன் கட்டைவிரலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு பூட்டைத் திறந்து, உள்ளே வாங்க என்றார்.

"முதல் நாள்லேருந்து என்கிட்டதான் இருக்கு, மாப்ள."

"நான் தெருத் தெருவா கேட்டு அலைஞ்சேனே, அத்தை."

"தெரியும். சொன்னா போயிடும்ல. அதுல அவ உயிரோட நிக்கறா."

தட்டும் சத்தம் கேட்கிற தூரத்தில் அத்தை இருக்கவில்லை. ஆனால் புதன்கிழமை ராத்திரி மகள் ஃபோன் செய்து, வரட்டுமா என்று கேட்டபோது, இதுக்கெல்லாமா வீட்டை விட்டு வருவாங்க என்று சொன்னது அத்தைதான். அதை மகனிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சொன்னார். பூட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டார். பிறகு, கோபத்தில் பூட்டினேனா என்பதை மட்டும் சொல்லச் சொன்னார். மிச்சத்தை அத்தையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது, ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் வந்துவிடும் என்றார் அத்தை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கடைசியாக ஒருமுறை மகளை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பூட்டுக்காரருக்குப் புரிந்தது, அவசரப்படுத்தவில்லை. கண்ணைத் திறக்காமலே அத்தை சொல்ல ஆரம்பித்தார்.

"பையைப் பிரிச்சு எல்லாத்தையும் திரும்ப அலமாரில வச்சுட்டா. உங்களைப் பார்த்துச் சிரிச்சா. இன்னைக்காவது மருந்து வாங்கிட்டு வாங்க, கதவைச் சும்மா சாத்திட்டுப் போங்கன்னா. நீங்க சரின்னீங்க. வெளிய வந்து பூட்டினீங்க."

"கையில கோபம் இருந்துச்சா?"

"இல்ல."

"போயிடுவாளோன்னு பயம்?"

"ஒண்ணுமே இல்ல, மாப்ள. பிடி உடைஞ்ச அரத்தை எங்க வச்சோம்னு யோசிச்சுட்டிருந்தீங்க. கோபம் இருந்திருந்தா என்னைக்கோ மன்னிச்சிருப்பேன். அவ கொண்டையில..."

அத்தை பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்து, எதையோ கொடுத்தேனே, என்ன அது என்று கேட்டார்.

பூட்டுக்காரருக்கு எல்லாம் வந்துவிட்டது. அவள் சிரித்தது, கொண்டையில் பென்சில், அந்தச் சரி, இரும்பின் குளிர்ச்சி, அரத்தைப் பற்றிய அந்த அற்பமான யோசனை. இத்தனை வருஷம் தேடிய பதில் அது. கோபம் என்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் அதோடு இருந்தார். வேலைக்குப் போகவில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை அவள் சிரித்தாள். பல தடவை அவர் பூட்டினார்.

அடுத்த வியாழக்கிழமை போனபோது அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். இரண்டு கையும் வெறுமனே தொங்கின. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், அவ கடைசியா என்ன சொன்னா மாப்ள என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் பூட்டுக்காரருக்குத் தெரியும். உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைத்ததிலிருந்து சொன்னார். பென்சில் எந்தப் பக்கம் செருகியிருந்தது என்பதைக்கூட விடவில்லை. சொல்லி முடித்தபோது அத்தையின் முகம் தெளிந்திருந்தது. பூட்டுக்காரருக்கு மறுபடியும் ஒரு கதவு அகலத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கோபமா, பயமா என்று பழையபடி யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அது ஏணி இரவல் போய்வருவதைப் போல இரண்டு வீட்டுக்கும் நடுவில் போய்வருகிறது. கொடுத்தது நினைவிருக்கும், கொடுத்தது என்ன என்பது இருக்காது. அதனால் கொடுத்த வாரத்தில் பூட்டுக்காரர் தன்னைக் கொலைகாரன் என்றுகூட நினைத்துக்கொள்வதுண்டு. அந்த வாரம் தையல்காரர் தேநீர் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாங்கிய வாரத்தில், அப்படி இல்லை என்று தெரிந்து, அதைவிட மோசமாக இருப்பார். எந்த வாரமும் முறை தவறியதில்லை. மைத்துனன் ஒருமுறை வந்து, இந்தக் கூத்தை நிறுத்தும்மா என்றான். உனக்கு ஒரு வாரம் தரட்டுமா என்று அத்தை கேட்டார். அவன் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான்.

இதை எழுதும்போது அது அத்தையிடம் இருக்கிறது.