நாலாவது கிடா

சாணார்பட்டிக் குளத்தை ஒட்டிய தோட்டத்தில் சிவனம்மாளின் கிணறு இருந்த இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. நகர்ந்ததெல்லாம் எல்லைதான். பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை சர்வே கல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கிணறு தன்னுடையது என்று மனுப் போட்டார். மூன்று தடவை சங்கிலி பிடித்து அளந்தார்கள். மூன்று தடவையும் அளந்தவர்களுக்கு அவர் வீட்டில் கிடா வெட்டு. கிடாவுக்குப் பத்தடி வீதம் எல்லை ஏறி, கிணற்று வாய்க்கே வந்துவிட்டது. கிணறு போனால் அவள் பழையபடி கல்லுடைக்கத்தான் போக வேண்டும்.

அறுபத்து நாலில் ராயப்பராஜ் என்ற சர்வே அதிகாரி ஜீப்பில் ஒரு பெட்டியோடு வந்தார். குளத்துக்கு அக்கரைப் பாறையில் வெட்டியிருக்கும் குறியிலிருந்து நாலாயிரத்து இருநூறாவது அடியில், வரப்பின் மேல் கல் என்று பழைய பதிவேட்டில் இருந்தது.

"பாறையில இருந்து வெளிச்சத்த விடுவோம். வரப்புல நிக்கிற கண்ணாடியில பட்டுத் திரும்பும். போய்வர எம்புட்டு நேரம்னு பெட்டி சொல்லிரும். அதுல பாதி ஒருவழி. வெளிச்சத்தோட வேகம் தெரிஞ்சதுதானே, தூரம் வந்துரும்."

"எம்புட்டு நேரமாகும்?" என்றார் சோலைமலை.

"கண்ண மூடித் தெறக்கிற நேரத்தப் பத்தாயிரமாக் கிழிச்சா, அதுல ஒரு துண்டு."

அம்புட்டு அவசரமாக ஓடுகிறது எதை ஒழுங்காகப் பார்த்துவிடப் போகிறது என்று சோலைமலைக்குச் சிரிப்பு. கண்ணாடி தூக்கும் சுருளிவேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். நாலாவது கிடா. குழம்பு வாசம் சிவனம்மாளின் கிணறு வரைக்கும் வந்தது.

வெயில் தாழ்ந்ததும் சுருளிவேல் கண்ணாடியைக் கிணற்று வாயை ஒட்டி நட்டான். பாறையில் சிவப்புக் கொடி ஆடியது: இன்னும் பின்னால். பத்தடி போனான். மறுபடி சிவப்பு. இன்னும் பத்தடி. மறுபடியும்.

"ஏலே, தின்ன கறி எங்கலே போச்சு?"

"வயித்துலதான் கெடக்கு மொதலாளி. நான் எங்க நின்னாலும் அந்த எடத்துத் தூரத்தத்தான் அது சொல்லுது. நீங்க கிடாவ அதுக்குல்ல போட்டிருக்கணும்."

சோலைமலை ஈர வைக்கோலைக் கொளுத்தி வரப்பையே புகையால் மூடினார். வெளிச்சம் திரும்பவில்லை. ராயப்பராஜ் பாறையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். புகை அடங்கியதும் மறுபடி சிவப்புக் கொடி.

கடைசியில் வெள்ளைக்கொடி ஆடியபோது சுருளிவேல், பழைய வரப்பை அழித்துச் சோலைமலை வெட்டியிருந்த எருக்குழிக்குள் முழங்கால்வரை நின்றுகொண்டிருந்தான்.

"நாளைக்கு ஆள் விட்டு கல் நடுறோம்" என்றார் இறங்கி வந்த ராயப்பராஜ்.

"நாளைக்கு வெளிச்சம் பெட்டிக்குள்ள போயிரும் சார். இவரு இங்கனதான் இருப்பாரு" என்ற சிவனம்மாள் கடப்பாரையோடு குழிக்குள் இறங்கிவிட்டாள். எருவை அள்ளி வீசிவிட்டுத் தரையைக் குத்தினாள். விதிப்படி ரெண்டடி. அவள் மார்பளவு தோண்டினாள்.

"இம்புட்டு ஆழம் எதுக்கும்மா?" என்றார் ராயப்பராஜ்.

"பிடுங்குறவுக இடுப்பு ஒடியணும்ல."

கல்லுடைத்த காலத்தில் தனக்கென்று பிளந்து வைத்திருந்த ஆறடிக் கல்லைச் சுருளிவேலும் கைகொடுக்க இறக்கினாள். நாலாவது கிடா அந்த மட்டுக்காவது உதவியது.