கீவ் அரியணைக்கு அடுத்தவர்

கோமகன் வோலோதருக்குப் படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. காய்ச்சல் உடம்பைப் பிழிந்துபோட்டிருந்தும் கொஞ்ச நேரத்துக்கொரு தரம் தலையைத் தூக்கி, "கீவிலேருந்து ஆள் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அங்கே அரியணையில் இருந்த அவருடைய அண்ணனும் சாகக் கிடந்தார். அண்ணன் முந்திக்கொண்டால் கீவ் இவருக்கு. இவர் முந்திக்கொண்டால் அடுத்த தம்பிக்கு. அதோடு இவர் மகன் ரோமனும் வரிசையிலிருந்து விழுந்துவிடுவான். கீவில் உட்காராமல் செத்தவரின் பிள்ளைக்கு ஊரும் கிடையாது, படையும் கிடையாது. கண்டவன் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்கென்று ஆட்சி மாறி ஏறி வந்த வாழ்க்கை கடைசிப் படியில் வந்து இழுபறியாகிவிட்டது. கூடப் பிறந்தவர் சாவுக்கு இப்படிக் காத்துக் கிடக்கிறோமே என்று மனைவி அகாஃபியாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சன்னலை விட்டு அவளால் நகர முடியவில்லை. பனி உருகிப் பாதையெல்லாம் சேறு. எவன் குதிரை அதில் வேகமாக வரும்?

மடத்துத் தலைவர் நிஃபோன்ட் கத்தரிக்கோலோடு வந்தார். சாகப்போகிற கோமகன்கள் கடைசி மூச்சுக்குள் துறவு வாங்கிக்கொள்வது வழக்கம். செய்த பாவமெல்லாம் முடியோடு போய்விடுமாம்.

"சாமி, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று அகாஃபியா வழிமறித்தாள். "முடியை வெட்டிட்டா அவர் சன்னியாசி. அப்புறம் அவருக்கும் ரோமனுக்கும் கீவ் ஏது?"

"நாளைக்கு உயிர் இருக்குமா தாயே? நீங்க பொறுப்பேத்துக்குவீங்களா?"

உள்ளேயிருந்து வோலோதர் அழுதார். "சிலுவையை முத்தமிட்டுச் சத்தியம் பண்ணிட்டு, சித்தப்பா ஊரையே கொளுத்தினவன் நான். இப்படியே போனா நரகந்தான். என்னை விட்டுடு அகாஃபியா."

அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. வழிவிட்டாள்.

முடி விழுந்தது. உடம்பில் கறுப்பு அங்கி ஏறியது. பெயரும் மாறியது, இனி அவர் வர்லாம் துறவி. மறுநாள் காலை உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது. முட்டைக்கோஸ் சூப் இருக்கா?" என்றார். அகாஃபியாவுக்குச் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

சூப் ஆறுவதற்குள் கீவ் வீரன் ஒருவன் இடுப்புவரை சேறோடு உள்ளே வந்தான். "பெரியவர் போயிட்டாரும்மா. கோமகனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். எங்க இருக்கார்?" கறுப்பு அங்கிக்காரரைத் தாண்டி அவன் கண்கள் தேடின.

"நேத்து வரைக்கும் இருந்தார்," என்றாள் அகாஃபியா. நிஃபோன்ட் கையில் கிடைத்தால் கழுத்தைத் திருகிவிடலாம்போல் இருந்தது அவளுக்கு.

வீரன் அங்கியைப் பார்த்தான். கத்தரித்த தலையைப் பார்த்தான். குரல் தணிந்தது. "அப்போ நான் சின்னவர்கிட்டதான் போகணும். என் குதிரை இனி தாங்காது. வேற ஒண்ணு கிடைக்குமா?"

வோலோதர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் குதிரையை எடுத்துட்டுப் போ. சேத்துல அதான் நல்லா ஓடும்."

"அதைக் குடுக்காதீங்கப்பா," என்றான் ரோமன். "எனக்கு இனிமே அதாவது வேணும்."