நடு ஆளைப் பின்னால் நிறுத்தியது

வியாழக்கிழமை என்றாலே எனக்கு அலுப்புத்தான். சாயங்காலம் ஐந்தரைக்குத் துறைமுகத்தில் சங்கு ஊதும். ஆறு மணிக்குள் எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சைகோனுக்கு அக்கரையில் இருக்கிற துறைமுகப் பேட்டையான கான் ஹொய்யின் இந்தியர் பந்தாட்டச் சங்கத்து ஆதரவாளர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் தோற்றோம் என்று கண்டுபிடிக்கிற கூட்டம் அது. கண்டுபிடித்து முடிப்பதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும், மறுபடியும் தோற்றுவிடுவார்கள். நான் வாழைக்காய் பஜ்ஜி போட்டு, காப்பி கலந்து கொடுப்பேன். முப்பத்தாறாம் வருஷத்தோடு இப்படிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் கூடுவதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். சங்கத்தின் நடு ஆள் அவர். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோல் போடுவதற்கென்று முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள். கோல் காப்பவருக்கு முன்னால் இரண்டு பேர். இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மூன்று பேர், அந்த மூவரில் நடுவில் நிற்பவர்தான் நடு ஆள். எதிரி வந்தால் பின்னால் ஓடி மறிக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னால் ஓடிக் கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரமும் ஓட்டம்தான். பேர் வாங்குகிறவரும் அவர், ஏச்சு வாங்குகிறவரும் அவர். காரைக்காலில் இருந்து இங்கே வந்து, அரிசிக் கிடங்கில் மூட்டை பார்க்கிற வேலையில் இருந்த மனிதருக்கு, கப்பல் ஆபீஸ் துரைமாருக்குக்கூடத் தெரிந்தவர் என்ற மரியாதை அந்த ஓட்டத்தால் வந்தது. நான் அதில் பெருமைப்படவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆட்டம் முடிந்து வந்தவர் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை, கையை மட்டும் ஆட்டினார். மறுநாள் காலை வேலைக்குப் போக விடாமல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். இதயம் பழுதாகிவிட்டது, நடக்கலாம், ஓடக் கூடாது, ஓடினால் ஒரு நாள் ஓடும்போதே நின்றுவிடும் என்றார். முப்பத்தொன்பது வயது என் வீட்டுக்காரருக்கு.

திரும்பி வரும்போது பாலத்து நடுவில் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு.”

“ஏங்க, நடுரோட்டுலயா?”

“பண்ணு ராஜம்.”

ரிக்‌ஷாக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பண்ணினேன். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கே ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். சொன்னாலும் அவர் உயிருக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. ஞாயிறு தவறாமல் அவர் ஓடிக்கொண்டுதான் இருந்தார், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஏப்ரலில் சங்கத்துக்குப் புது மானேஜர் வந்தார். பழையவருக்குக் கம்போடியாவில் நாம்பென்னுக்கு மாற்றலாகிவிட்டது. புதியவர் அரிகிருஷ்ணன், புதுச்சேரிக்காரர். இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரான்சில் மர்செய் துறைமுகத்தில் ஓய்வு பெற்று இங்கே வந்திருந்தார். ஒண்டிக்கட்டை. பேச்சு கம்மி. அது ஒன்றே எங்கள் கூடத்து ஆட்களுக்குப் பிடிக்காமல் போகப் போதுமானதாக இருந்தது.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பெண் பொலேத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். பொலேத்தை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தை மீறுகிறோம் என்று தெரிந்துதான் சொன்னேன்.

“அப்படின்னா அவரை நிறுத்திடுறதுதாம்மா நல்லது” என்றார் அவர்.

“நிறுத்தினா அவரு சோறு திங்க மாட்டாருங்க, முசியே. ஓடாம ஆடுற இடம் ஒண்ணும் இல்லீங்களா?”

“அப்படி ஒரு இடம் ஆட்டத்துல ஏது?”

“பின்னால நிக்கிற ரெண்டு பேருக்கும் நடுவுல அவரை நிறுத்துங்களேன். பந்து எங்க வரும்னு அவருக்கு முன்னாலயே தெரிஞ்சிடும். ஓட வேணாம், போய் நின்னா போதும். நான் பதினாலு வருசமா பாக்குறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு நெருப்புப் பெட்டியைத் திறந்து மேசை மேல் குச்சிகளை அடுக்கினார். நடுக் குச்சி ஒன்றைப் பின்னால் இழுத்தார்.

“இங்கிலீஷ்காரன் இப்படி ஆடுறான். பிரான்சுலயும் ஒண்ணு ரெண்டு இடத்துல ஆரம்பிச்சிருக்காங்க. இங்க எடுபடுமோ என்னமோன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். சரி, போங்க. உங்க பேரு வெளிய வராது.”

அப்படித்தான் எங்கள் நடு ஆள் பின்னால் போனார். முதல் ஆட்டத்தில் ஒன்றுக்குச் சுழியம் என்று தோற்றோம். அடுத்த இரண்டும் சமம். அதற்கு முன்னால் ஐந்து கோல், ஆறு கோல் என்று வாங்கிக்கொண்டிருந்த சங்கம் இது. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தந்தி ஆபீஸ் இராமகிருஷ்ணன் என் காப்பித் தம்ளர்களையெல்லாம் தரையில் அடுக்குவார். தம்ளர்தான் ஆட்டக்காரர், பஜ்ஜிதான் பந்து.

“பாருங்க, நடுவுல பள்ளம் விழுந்துடுச்சு. இந்தப் பள்ளத்துல எதிரி வண்டி ஓட்டிக்கிட்டு வரலாம். சதாசிவம் அண்ணன் இங்க இருந்தா விடுவாரா?” என்பார் என் வீட்டுக்காரரைக் காட்டி.

“நான் என்னங்கிறேன்னா,” என்பார் செட்டியார் கடைக் கணக்கர் சொக்கநாதன், “கோல் வாங்காம இருந்தா ஆட்டமாயிடுமா? கோல் போடணுமா வேண்டாமா? வீட்டைப் பூட்டிக்கிட்டு உள்ள குந்தியிருக்கிறதுக்குப் பேரு வியாபாரமாங்கிறேன்.”

“அது மர்செய் தந்திரமாம்” என்பார் இன்னொருவர்.

“மர்செய்ல குளிரு. அங்க ஓடினாத்தான் சூடு. இங்க எதுக்குய்யா அது?”

குளிருக்கும் பின்னால் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. மர்செய் தந்திரம், பட்டாளத் தந்திரம், துரைமாருக்குப் பயந்த தந்திரம் என்று வாரத்துக்கு ஒரு பேர் வைத்தார்கள். அதன் ஊற்று அடுப்பங்கரையில் கரண்டியோடு நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குக் களைப்பாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர்கள் பேசப் பேச முகத்தில் ரத்தம் ஏறும். கூட்டம் கலைந்ததும் என்னிடம் சொல்வார்: “என்னைக் காவக்காரனா ஆக்கிட்டான் அந்தாளு. மூட்டைக்கும் காவல், கோலுக்கும் காவல்.” நான் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவேன். ஆனால் அந்த மூன்று வாரமாக அவர் உதடு நீலம் பாரிக்கவில்லை. அதை நான் மட்டும் பார்த்தேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வியாழன். விடாத மழை. அன்றைக்கு மானேஜரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று ஓட்டு. காகிதத்தில் எழுதினால் கையெழுத்துத் தெரிந்து சண்டை வரும் என்று எங்கள் சங்கத்தில் வேறு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பித்தளைச் சொம்பின் வாயில் துணியைப் போட்டு நடுவில் வைப்பார்கள். துணிக்கு அடியில் கையை விட்டு, இருக்கட்டும் என்பவர் வெற்றிலையைப் போட வேண்டும், போகட்டும் என்பவர் பாக்கைப் போட வேண்டும். பாக்கு விழுந்தால் சொம்பு கணீரென்று கேட்கும், வெற்றிலை விழுந்தால் சத்தமே வராது. ரகசிய ஓட்டு என்று என் வீட்டுக்காரரோடு சேர்த்து ஒன்பது பேரும் மனதார நம்பிக்கொண்டிருந்தார்கள்.

“மானேஜர் போயிட்டா அண்ணன் பழைய எடத்துக்கு வந்துடுவாரு” என்றார் இராமகிருஷ்ணன். “ஞாயித்துக்கிழமை சைகோன்காரனுங்களுக்கு எதிரா எங்க அண்ணன் ஓடுறதை நான் பாக்கணும்.”

“ஓடுறேன்” என்றார் என் வீட்டுக்காரர். அந்த மூன்று வாரத்தில் அவர் கூட்டத்தில் பேசிய முதல் வார்த்தை. எல்லாரும் தொடையைத் தட்டினார்கள்.

சொம்பு சுற்றியது. நான் அடுப்பங்கரை நிலையில் நின்று எண்ணினேன். கணீர். கணீர். ஒரு வெற்றிலை. கணீர். கணீர். நாலு பாக்கு ஆகிவிட்டது, இன்னும் ஒன்று விழுந்தால் முடிந்தது. சொம்பு என் வீட்டுக்காரருக்கு முன்னால் வந்தது. தட்டிலிருந்து எடுத்த பாக்கு அவர் விரலில் இருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை அவர் ஓடப் போவது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, விழப் போவதும் தெரிந்தது.

“மானேஜர் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன். “இவரைப் பின்னால நிறுத்தச் சொன்னது நான்.”

யாருக்கும் விளங்கவில்லை. சொக்கநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார். “என்ன ஆச்சி சொல்றீங்க?”

“அவருக்கு நெஞ்சு சரியில்ல. ஓடினா செத்துப்போயிடுவாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓடாம ஆட ஒரு எடம் குடுங்கன்னு நான்தான் மானேஜர்கிட்ட போயிக் கேட்டேன். மர்செய்யும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உங்க அண்ணன் ஓடுறதைப் பாக்கணும், பாக்கணும்னு கொன்னுடாதீங்கய்யா அவரை!”

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எட்டுப் பேரும் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்க்கவில்லை, சொம்பைப் பார்த்தார்கள். அவர் பாக்கைத் திரும்பத் தட்டில் வைத்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, குடைகூட எடுக்காமல் போய்விட்டார்.

பிறகு நடந்ததுதான் கூத்து. இராமகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தம்ளரை மெதுவாக நகர்த்தினார். “அப்படின்னா அண்ணி, நடுவுல விழுற பள்ளத்துக்கு என்ன பண்றதா யோசனை?”

“முன்னால நிக்கிற அஞ்சு பேருல ரெண்டு பேரைக் கீழ இறக்கணும்” என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர்கள் அழுகையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் விவாதம். சொம்பிலும் தட்டிலும் கிடந்த பாக்கை ஆளுக்கு ஒன்றாக எடுத்து மென்றுவிட்டுப் போனார்கள். ஓட்டு அதோடு நின்றது, மானேஜர் தப்பித்தார்.

அந்த ஞாயிறு மழையால் ஆட்டம் தள்ளிப்போனது. ஒன்பது நாள் அவர் என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். சத்தியத்தை மீறிவிட்டேனே என்று ஒவ்வொரு நாளும் அவர் படியேறி வரும்வரை வாசலிலேயே நிற்பேன். பத்தாம் நாள், சனிக்கிழமை, நான் துவைத்து மடித்து வைத்திருந்த சங்கத்து மஞ்சள் சட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இதை மானேஜர்கிட்ட குடுத்தனுப்பிடு.”

“ஏங்க, பின்னால நின்னு ஆடலாம்ல? அதுக்குத்தானே...”

“எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு ராஜம். இனிமே எவனும் பந்தைப் பாக்க மாட்டான். என் நெஞ்சைத்தான் பாப்பான்.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், வெறுமனே சொன்னார். இராமகிருஷ்ணன் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஆட்டத்துக்கு நான் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பொலேத் விடவில்லை. புளிய மரத்தடியில் நாங்கள் பெண்கள் வழக்கமாக உட்காருகிற மேட்டில் போய் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கிய பிறகு யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அவர்தான். பொலேத் நகர்ந்துகொண்டாள். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பின்னால் நடுவில் அழகப்பன் நின்றான், கப்பல் சாமான் கடையில் வேலை செய்கிறவன். நன்றாகவே ஆடினான். முன்வரிசையில் இருவர் இறங்கி ஆடினார்கள், பள்ளம் விழவில்லை. சைகோன்காரர்கள் வந்து வந்து முட்டிக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் முன்னேறும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

“அங்க போடா, அங்க! எடது பக்கம்!” என்று ஒரு தடவை எழுந்துவிட்டார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. நின்று சத்தம் போட்டதற்கே வாங்கியது.

“இத்தனை வருசமா இங்கதான் உக்காந்து பாத்தியா நீ?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“எப்படித்தான் உக்காந்திருந்தியோ.”

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஒன்றுக்குச் சுழியம். இரண்டு வருஷத்தில் முதல் வெற்றி. குடைகளும் தொப்பிகளும் பறந்தன. இராமகிருஷ்ணன் சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடி வந்து, “அண்ணி! உங்க தந்திரம் அண்ணி!” என்று கூவினார். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அரிகிருஷ்ணன் எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். என் வீட்டுக்காரர் கை தட்டினார், எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

அவர் உயிரோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதைத்தானே கேட்டேன், இது போதும் என்று நினைத்துப் பார்த்தேன். போதவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்த அந்த மஞ்சள் சட்டைக்காரர்களுக்குள் என் கண் அவரைத் தேடிக்கொண்டே இருந்தது.