அருள்ராணி கயிற்றைக் கீழே போட்டாள்

ஆவூரில் மரியசூசையின் கடைசல் பட்டறையில் புருஷனும் பெண்சாதியும்தான் வேலையாட்கள். அருள்ராணி கயிற்றை இழுத்து மரத்தைச் சுழலவிடுவாள். சுழலும் மரத்தில் மரியசூசை உளி வைத்துக் கடைவான். கல்யாணமாகி ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்தது.

அந்தத் தை மாதம் ஒரு டீச்சர் கல்யாணக் கட்டிலுக்கு நாலு கால் சொல்லியிருந்தார். மரியசூசை தேய்ந்துபோன அரம் ஒன்றைச் சாணை பிடித்து உளியாக்கினான். கூர்மையென்றால் அப்படியொரு கூர்மை. புறங்கை மயிரைச் சிரைத்துக் காட்டிப் பெருமைப்பட்டான்.

முதல் காலில் பாதி கடைவதற்குள் 'டிங்'கென்று சத்தம். உளி முறிந்து, துண்டு அருள்ராணியின் காதோரமாகப் பறந்து கீற்றுத் தட்டியில் செருகி நின்றது.

அவள் காதைத் தடவிப் பார்த்தாள். ரத்தமில்லை. கயிற்றைக் கீழே போட்டாள்.

"இனிமே இழுக்க மாட்டேன்."

"அதான் ஒண்ணும் ஆகலையே! இன்னொரு அரம் கெடக்கு..."

"அரம் கண்ணாடி மாதிரிங்க. வளையாது, ஒடையத்தான் செய்யும். வளைஞ்சு குடுக்குற இரும்பாக் கொண்டாங்க. சுத்தியலால அடிச்சுப் பாத்துட்டுத்தான் கயித்தத் தொடுவேன்."

அவள் அப்பா கறம்பக்குடியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். அதனாலேயே மரியசூசைக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டித் தானே இழுத்துத் தானே கடைந்தான். முக்காலியோடு மல்லாந்து விழுந்தான். அருள்ராணி வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தது வெளியே நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலை புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். லாரி ஷெட் மெக்கானிக் இருளாண்டி தெரிந்தவர். முறிந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"விரிசல் விடாத பக்கமாப் பாத்து வெட்டுங்க. இந்தாங்க, சாணை பிடிக்கையில இதையும் மாட்டிக்கங்க" என்று மோட்டார் சைக்கிள்காரர் யாரோ விட்டுப்போன கண்ணாடியையும் தந்தார்.

பட்டையைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஒருநாள் ஆறவிட்டார்கள். இளகிய இரும்பை அறுத்து, அரத்தால் ராவி, உளியாக்கினார்கள். மறுபடி சிவக்கக் காய்ச்சிப் புங்க எண்ணெயில் முக்கியபோது குப்பென்று தீ எழுந்தது. அருள்ராணி தயாராக வைத்திருந்த தகர மூடியைக் கவிழ்த்தாள். அடங்கியது.

"ஆச்சா?" என்றான் மரியசூசை.

"இப்பவும் இது அரம் மாதிரிதான். பளபளன்னு தேச்சு, தணல்ல மெதுவா வாட்டணும்."

இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை இரும்பில் மெல்ல மஞ்சள் படர்ந்தது.

"வைக்கோல் நெறம் வந்துருச்சு, எடுங்க!"

ஆறியதும் உளியை ரெண்டு கல்லுக்குக் குறுக்கே வைத்து, ஈரச்சாக்கால் மூடி, மூன்று அடி அடித்தாள். சாக்கை விலக்கினால் உளி முழுசாக இருந்தது. பூண் மாட்டிய பிடியில் மரியசூசை அதை இறுக்கிக் கொடுத்தான். வாங்கியவள் கயிற்றுப் பக்கம் போகவில்லை.

"மொதல்ல நான் கடைஞ்சு பாக்குறேன். நீங்க இழுங்க."

கண்ணாடியை அவனே அவளுக்கு மாட்டிவிட்டான். ஒரு கால் முடிவதற்குள் அவனுக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது.

"கை வலிக்குது, அருளு."

"ஆறு வருசமா எனக்கு வலிக்கலையாக்கும்!"

நாலு கால்களையும் வாங்க வந்த டீச்சர் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரொம்ப அழகா வந்திருக்கே!"

மரியசூசை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"அது எங்க வீட்டுக்காரி கடைஞ்சது, டீச்சர்" என்றான். சொல்லி முடித்தபோது, அவனே எதிர்பாராத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.