பதினொரு ‘போலும்’

1

2019 மார்ச் 14, வியாழக்கிழமை, முற்பகல் பத்து இருபது. தூறல் விட்டிருந்தது; தாழ்வாரத் தரை மட்டும் ஈரமாக இருந்தது. அந்த நேரத்தில், ஒரு தேர்வறையின் கடைசி வரிசையில் இக்கதை தொடங்கியது. காரணம், நான் செய்த பிழை. பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள் தன் பிழையை ஒப்புக்கொள்வது எளிதன்று. முதல் வாக்கியத்தை ஆறு முறை எழுதினேன். கைவிட்டவற்றுள் ஒன்று: ‘அம்மா தோற்றிருந்தால் அதற்கு’

(முடிக்க இயலவில்லை.)

2

உயிர்வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெறத் தேவையானவை என்று துறை அச்சிட்ட தாள் ஒன்று உண்டு. பாடங்கள், கருத்தரங்க உரை, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, தேர்வாளர் மூவரின் கையொப்பம்; அனைத்தும் ஐந்தாண்டுக்குள். அம்மாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஐந்தாம் ஆண்டு முடியப் பதினேழு நாள்களே இருந்தன. மறுவாய்ப்புக்கு அவை போதா.

[ஆய்வேட்டை மகள் திருத்தக் கூடாது என்று தாளில் எங்கும் இல்லை. பார்த்துவிட்டேன்.]

3

குளிர்பெட்டியில் ஏழு நாள் வைத்த இரத்தத்தில் ஒரு நொதியின் வேகம் குறைகிறதா என்பது அம்மாவின் ஆய்வு. ‘குறைந்தது போலும்’, ‘மாறவில்லை போலும்’ எனப் பதினோரிடங்களில் எழுதியிருந்தார். உவமையில்லாத இடத்தில் வரும் ‘போலும்’ என்பதை இலக்கணத்தில் ஒப்பில் போலி என்போம், பொருளற்ற அசை. பதினொன்றையும் நீக்கினேன். வாக்கியங்கள் நிமிர்ந்து நின்றன. நான் திருப்பித் தந்ததைப் படித்துப் பார்க்காமலே அம்மா பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டார்.

4

வாய்மொழித் தேர்வை வெளியாரும் உட்கார்ந்து கேட்கலாம்; நான் கடைசி வரிசையில் இருந்தேன். தலைமைத் தேர்வாளர் ஆய்வேட்டின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

“‘வேகம் குறைந்தது’ன்னு இருக்கு. எத்தனை தடவை சோதிச்சீங்க?”

“மூணு தடவை மேடம். ரெண்டுல குறைஞ்சுது.”

“மூணாவதுல?”

“குறையல.”

“அப்புறம் எப்படி இவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க?”

அம்மா பக்கத்தைப் பார்த்தார். அச்சான வாக்கியத்தை அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

(இரண்டாம் வரைவில் நான் எழுந்து, ‘நீக்கியவள் நான்’ என்கிறேன். குரல் நடுங்கவில்லை. நல்ல காட்சி, நடக்காதது. நான் எழவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவுமில்லை.)

“என் பேர்ல இருக்கற வாக்கியம் மேடம். தப்பா இருக்கு. நான் பாத்ததவிட அதிகமா சொல்லுது.”

பிறகு ஆய்வுக்கூடக் குறிப்பேட்டைத் திறந்து, மூன்றாம் சோதனையின் பக்கத்தை அவர்முன் வைத்தார். அங்கே ‘போலும்’ இருந்தது.

5

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“ஏம்மா என்னைக் காட்டிக் குடுக்கல?”

“பரீட்சை எனக்கா, உனக்கா?” என்றார். “நீ பொறந்தப்ப அழல. நர்சோட பேச்சத் திருத்தினே. தெரிஞ்சும் உங்கிட்ட குடுத்துட்டு, திரும்பப் படிக்காம விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

என் விரல்கள் சில்லிட்டிருந்தன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரிக் குழாயை வெதுவெதுப்பாக்குபவர்போல அவற்றைத் தம் இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்துக்கொண்டார்.

[இந்தப் ‘போல’ உவமை உருபு. இருக்கட்டும்.]

6

முடிவுப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: தேர்ச்சி, திருத்தங்களுடன் தேர்ச்சி, தேர்ச்சியில்லை. வாசகரே, மூன்றுக்கும் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அம்மா அழவில்லை. மூன்றிலும் நான் அழுகிறேன். எனக்கு ஏற்றவாறு நானே வளைத்த முடிவுகள் அவை. எந்தக் கட்டத்தில் குறி விழுந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. அதை நீங்கள் தீர்மானியுங்கள். ஐயமிருந்தால் ஐயத்தையும் எழுதிவையுங்கள்.

நடந்ததில் நான் உறுதி கூறக்கூடியது இவ்வளவே: கதவு திறந்தது. மூவரும் கையொப்பமிட்ட தாளை நான்காக மடித்துத் தலைமைத் தேர்வாளர் நீட்டினார். அம்மா எழுந்து வாங்கினார். பிரிக்காமல் என்னிடம் தந்தார்.

“கண்ணாடிய உள்ளேயே வெச்சிட்டேன்டி. நீயே படி,” என்றார். “இருக்கறத இருக்கற மாதிரி படி.”